தட்டுக்கு வலப்பக்கம்

இந்த அறைக் கதவின் பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், இப்படி முனகாது. நீங்கள் உள்ளே வரும்போதெல்லாம் அது முனகுகிறது, உங்களுக்குப் பழகிவிட்டது. முப்பத்திரண்டு வருடமாகப் பூட்டுக் கடை வைத்திருப்பவன் காதுக்கு அது உறுத்தும். என் கையில் எண்ணெய்ப் புட்டியைக் கொடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எழுதிக்கொள்பவர் நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. முதலில் ஒன்று. நான் கோபக்காரன் இல்லை. கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். சாவியைத் தொலைத்துவிட்டு மழையில் நிற்கிறவர்களிடம், பதறாதீர்கள், திறந்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே வயதானவன் நான். எனக்கு இருப்பது கோபமல்ல, பயம். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் பையில் இருக்கிறதே, அந்தக் கத்தி என் அப்பாவுடையது. அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைக்க முடியுமா? முனை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நன்றி.

போர் முடிந்து வந்தபோது அப்பா சீருடை, பூட்ஸ், தலைக்கவசம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு இதை மட்டும் கொண்டு வந்தார். ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு, வெளிச்சம் பட்டால் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று கருப்பேற்றியது. தோல் வட்டங்களை அடுக்கி இறுக்கிய கைப்பிடி. பிடித்துப் பிடித்து அந்தத் தோலில் நான்கு விரல்களுக்கும் பள்ளம் விழுந்திருக்கும், பாருங்கள். அடிப்புறத்தில் அவருடைய படை எண்ணை ஆணியால் கீறியிருப்பார். அங்கே அதை வைத்து என்ன செய்தார் என்று அவர் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதுமில்லை.

அப்பா எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. குடிக்கமாட்டார். குரலை உயர்த்தியதுகூடக் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறையில் வேலை. மணி அடித்தாற்போலப் போய், மணி அடித்தாற்போல வருவார். சாப்பிட உட்காரும்போது முதுகு சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். கத்தி தட்டுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அம்மா கரண்டி பாத்திரத்தில் படாமல் பரிமாறக் கற்றுக்கொண்டிருந்தாள். தம்பியும் நானும் மூச்சுக் காட்டாமல் மெல்லுவோம். எங்காவது சத்தம் கேட்டால் அப்பாவின் வலது கைச் சுண்டுவிரல் மட்டும் லேசாக நகரும். எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுவிடும். இருபது வருடம் அந்த மேசையில் சாப்பிட்டேன். எதற்கு என்ன ருசி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பது வயதில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டேன். அப்பா திட்டவில்லை. என்னை மேசைக்கு எதிரே உட்காரவைத்து, வலது கையை மல்லாத்தி நீட்டச் சொன்னார். உள்ளங்கைமேல் கத்தியை வைத்தார், கூர் என் பக்கம் இருக்கும்படி.

"ஆட்டாதே. அங்க அசைஞ்சவன் செத்தான்" என்றார்.

பிறகு செய்தித்தாளை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். காலையில் உட்கார்ந்தவன், ஜன்னல் வெயில் மேசையைக் கடந்து தரைக்கு இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நடுவில் கால்சட்டை நனைந்துவிட்டது. அம்மா அடுப்படி வாசலில் நான்கு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் உள்ளே வரவில்லை. என் கை ஆடவில்லை. கடைசியில் அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு, "பரவாயில்ல, தேறிட்டே" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

தம்பிக்கு இதெல்லாம் நினைவில்லை. அதற்காக நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

அம்மா போன பிறகு அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்குக் குடும்பம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு செடிப் பண்ணையில் நாற்று வளர்க்கும் வேலை. அவன் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆள் அவ்வளவு சிறிசு என்பதால் சில்லு என்றுதான் கூப்பிடுவோம். வாய் மட்டும் ஊருக்கே போதும். "பெரியப்பா, மழைக்குப் பூட்டுப் போட முடியுமா?" என்று ஒருமுறை கேட்டாள். முடியாதென்று சொன்னேன். "அப்ப நீங்க பெரிய பூட்டுக்காரர் இல்ல" என்றாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். தலையணைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. வீடு பெரியவனுக்கு, கத்தி சின்னவனுக்கு என்று எழுதியிருந்தார். எனக்கு வருத்தமில்லை. காரணம் மட்டும் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தம்பியிடம் கேட்டேன். அவன் சொல்லத் தயங்கினான்.

"விடுங்கண்ணா. கடைசியில ஏதோ உளறினார்."

"என்ன உளறினார்?"

"பெரியவன் கையில அது வேண்டாம்னு சொன்னார். ஏம்ப்பான்னு கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டார்."

நான் பலவீனமானவன் என்று அப்பா நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததில் தப்பில்லை. அந்தக் கத்தியைத் துணியில் சுற்றித் தம்பியிடம் கொடுத்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை வாங்கி, ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பி தோட்டத்திலிருந்து நேராக வந்தான். தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தானாம். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தவன், இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தான். தட்டுக்கு வலப்பக்கம்.

என்னால் கையில் இருந்ததை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த சில்லு சட்டென்று நிறுத்திவிட்டாள். தம்பி மனைவியும் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் நமக்கு யாராவது உதவமாட்டார்களா என்று பார்க்கும் பார்வை அது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் அடுப்படி வாசலைப் பார்த்தேன்.

"அண்ணா, என்னாச்சு? ஏன் இப்படி முறைக்கிறீங்க?" என்றான் தம்பி.

ஒன்றுமில்லை என்றேன். அன்றே முடிவு செய்துவிட்டேன், அந்தக் குழந்தையைத் தனியாக விடக் கூடாது என்று.

சில்லு மூன்று மணிக்குப் பள்ளிவிட்டு வருவாள். அவள் அம்மா வர நான்காகிவிடும். அந்த ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டில் இருப்பாள். நான் துணைக்கு இருக்கிறேன் என்று சொன்னதும் அவர்களுக்குச் சந்தோஷம். அந்த வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டதே நான்தான், சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. மூன்று மாதம் தவறாமல் போனேன். கடையை அடைத்துவிட்டுப் போவேன். அதில் வந்த நஷ்டத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

கத்தி பின்பக்கத்துச் சாமான் அறையில் ஒரு ஆணியில் தொங்கும். எருமூட்டை பிரிக்கவும் கயிறு அறுக்கவும் அதைத்தான் வைத்திருந்தான். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறான், எங்களை ஏமாற்ற, என்று எனக்குத் தோன்றியது. அப்பாவும் அதை ரொட்டி வெட்டத்தான் வைத்திருக்கிறேன் என்று வெளியாட்களிடம் சொல்வார்.

என்றைக்காவது அவன் அவளை மேசைக்கு எதிரே உட்காரவைப்பான். அன்று அவள் கை ஆடிவிட்டால் என்ன ஆகும்? இதே யோசனையாக இருந்து கடையில் சாவி வெட்டும் இயந்திரத்தில் இரண்டு தடவை விரலை விட்டுவிட்டேன். எனவே எனக்குத் தெரிந்ததை அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவதென்று தீர்மானித்தேன். எனக்கு யாரும் முன்கூட்டிக் கற்றுக்கொடுக்கவில்லை. அவளுக்காவது அந்த வசதி இருக்கட்டும்.

எழுதிக்கொள்பவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பரவாயில்லை, சொல்கிறேன்.

முதல் நாள் அவள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். கையை மல்லாத்தி நீட்டச் சொன்னேன். கத்தியை அதன்மேல் வைத்தேன். "கூசுது பெரியப்பா" என்று சிரித்தாள். ஐந்து நிமிடம்தான். நான் ஒன்றும் கொடூரமானவன் இல்லை. அடுத்த வாரம் பத்து நிமிடம் ஆக்கினேன். இரண்டாவது மாதத்தில் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள், விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது. அதன் பிறகு நான் கதவைத் திறந்து உள்ளே வந்ததுமே, சொல்வதற்கு முன்பாகவே, தானாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிடுவாள். அவ்வளவு கெட்டிக்காரி. உள்ளங்கை வியர்க்கும், துண்டால் துடைத்துவிடுவேன். ஒருமுறை கத்தி சரிந்து மணிக்கட்டுப் பக்கம் லேசாகக் கீறிவிட்டது. நானே மருந்து போட்டுக் கட்டினேன். அம்மா கேட்டால் தகர டப்பா கிழித்தது என்று சொல், அப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதே என்றேன். பொய் சொல்லப் பழக்கினேன் என்று எழுதாதீர்கள். அவனுக்குத் தெரிந்தால் ஆபத்து அவளுக்குத்தானே?

ஒரு வியாழக்கிழமை தம்பி மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். மருத்துவருக்கு உடம்பு சரியில்லையாம். கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் பூட்டு அப்படி. திரும்பிப் பார்த்தால் வாசலில் நிற்கிறாள். பை கையிலிருந்து விழுந்துவிட்டது. சில்லு தலையைத் திருப்பவில்லை. கை ஆடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"மாமா," என்றாள் அவள், காற்று மாதிரி ஒரு குரலில். "அதை எடுத்துடுங்க. மெதுவா எடுத்துடுங்க மாமா."

எடுத்தேன். "பயப்படாதேம்மா, நான் இருக்கேன்" என்றேன். அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். பாவம், கத்தியைப் பார்த்தாலே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுமளவுக்கு அவளை அவன் ஆக்கிவைத்திருந்தான்.

மறுநாள் என் சாவி அந்தக் கதவில் சேரவில்லை. பூட்டை மாற்றியிருந்தார்கள், வேறு கடையில் வாங்கிய மட்டமான சரக்கு. வாசல்படியில் நின்றுகொண்டு யோசித்தேன். என்னை உள்ளே விடாமல் ஒருவன் பூட்டை மாற்றுகிறான் என்றால், உள்ளே இருப்பவர்களை அவன் என்ன செய்யப்போகிறான்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. எங்கே கதவு சாத்தும் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப்போடும்.

நான்கு நாள் கழித்துத் தம்பி கடைக்கு வந்தான். நான் ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளில் சுற்றிய எதையோ பித்தளைத் தூளுக்கு நடுவே வைத்தான். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதை நீங்களே வெச்சுக்குங்க. எங்களுக்கு வேண்டாம். கடல்ல போட்டாலும் சரி."

நான் அரத்தைக் கீழே வைத்தேன்.

"கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வராதீங்க அண்ணா. சில்லு தூங்கறதில்ல. கையை நீட்டி வெச்சுக்கிட்டே படுத்திருக்கா." அவன் கண் சிவந்திருந்தது. "போலீசுக்குப் போகணும்னு இவ சொல்றா. வேண்டாம்னு நான்தான் தடுத்துட்டேன். என்ன இருந்தாலும் நீங்க என் அண்ணன். ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கலாம். நானே கூட வர்றேன். என்ன சொல்றீங்க?"

பார்க்கலாம் என்றேன். அவன் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவன் சொன்னதை நீங்களே எழுதிப் பாருங்கள். குழந்தை தூங்குவதில்லை. மனைவி போலீசுக்குப் போக வேண்டும் என்கிறாள். அவன் தடுக்கிறான். இதற்குமேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்?

கத்தியைக் கடையில் கீழ் டிராயரில் வைத்துப் பூட்டினேன். கத்தி அங்கிருந்து வந்துவிட்டது, இனி பயம் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. டிராயருக்கு முதுகு காட்ட முடியவில்லை; நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். மூன்றாம் நாள் பூட்டை மாற்றினேன், ஐந்தாம் நாள் இன்னொன்று சேர்த்தேன். வாடிக்கையாளர் ஒருவர், "அப்படி என்ன புதையல் வெச்சிருக்கீங்க?" என்று கேலி செய்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கத்தி வெறும் இரும்பு. பயம் அதில் இல்லை, அதைப் பிடித்துப் பழகிய கையில் இருக்கிறது. அந்தக் கை இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். தெருவில் இரண்டு பேர் எனக்கு வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். பூட்டை உடைத்தேன் என்று உங்கள் அறிக்கையில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்திவிடுங்கள். என் வாழ்நாளில் ஒரு பூட்டைக்கூட நான் உடைத்ததில்லை. அது ஒரு நிமிடத்தில் திறந்துகொண்டது.

மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தேன், அதுதான் சுவரோரம் இருந்தது. கையில் இருந்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரே ஒரு காலித் தட்டு இருந்தது, அதன் வலப்பக்கம் வைத்தேன். தம்பி மனைவி கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். சில்லு தன் வலது கையை மெதுவாக மேசைமேல் மல்லாத்தி நீட்டினாள். பார்த்தீர்களா, என்னை வைத்துக்கொண்டே அவள் அவனுக்குக் கை நீட்டுகிறாள்.

"சில்லு, கையை எடு. அம்மாவோட உள்ள போ" என்றான் தம்பி.

குரலை உயர்த்தவே இல்லை. சமமான, அமைதியான குரல். அப்பாவின் குரல்.

தாயும் மகளும் பின்வாக்கில் நகர்ந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தம்பி எழுந்து எனக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் வந்து நின்றான். வலது கையை நீட்டினான். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அதை என்கிட்ட குடுங்க. ஒண்ணும் ஆகல. குடுங்க, நாம வெளியில போய்ப் பேசலாம்."

அவன் கத்தியைக் கேட்டான். அந்தக் கையில் அது மறுபடியும் போகக் கூடாது என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. கைப்பிடியை எடுத்தபோது என் விரல்கள் அந்த நான்கு பள்ளங்களில் போய்ச் சரியாக உட்கார்ந்தன. எத்தனை தடவை என்று மருத்துவர் எண்ணிச் சொல்லியிருப்பார்; நான் எண்ணவில்லை. அவன் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. என் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அப்படித்தான் பிடித்துக்கொள்வான். என் தம்பியைக் கொன்றது நான்தான். இதில் எந்தக் குழப்பமும் வேண்டாம்.

பிறகு குழாயடியில் கத்தியைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எல்லாம் முடிஞ்சுது, இனிமே பயமில்ல, வெளியே வாங்க" என்றேன். நீங்கள் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளே மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தக் கதவையும் நான் திறந்திருக்கலாம். கொஞ்ச நேரம் முயன்றும் பார்த்தேன். கட்டிலையும் அலமாரியையும் உள்ளே தள்ளி அடைத்திருந்தார்கள். ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் எப்படித்தான் தள்ளினார்களோ.

தம்பி ஒருநாளும் அவர்களை அதட்டியதுகூட இல்லை என்று அவன் மனைவி உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். நான் நம்புகிறேன். எங்கள் அம்மாவைக் கேட்டிருந்தாலும் அப்பாவைப் பற்றி அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பாள்.

மூன்று நாளாகச் சில்லு யாரிடமும் பேசவில்லை, சாப்பாட்டு மேசைக்கு அழைத்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள் என்கிறீர்கள். என்னால்தான் அவள் பயந்துபோயிருக்கிறாள் என்றும் சொல்கிறீர்கள். நீங்கள் தப்பாக நினைக்கிறீர்கள். பயந்த குழந்தை என்றால் அழுமே. அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.